பொடிக்கக் கூடாத மாத்திரை

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மதுரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது, அண்ணி சமையலறை மேடையில் இரண்டு எவர்சில்வர் கரண்டிகளுக்கு நடுவே ஒரு மாத்திரையை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிண்ணத்தில் மசித்த வாழைப்பழம் இருந்தது. அப்பாவால் அந்த நாட்களில் கஞ்சியும் குழைந்த சோறும் மட்டுமே விழுங்க முடிந்தது. மாத்திரை நெஞ்சில் நின்றுவிடுகிறது என்று அவர் முதல் நாள் இரவு சொல்லியிருக்கிறார். குழந்தைகளுக்குக் காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிடலாம் என்று அண்ணி நினைத்ததில் வியப்பில்லை. நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். மார்ஃபின் 30 மில்லிகிராம் என்றும், அதன் பின்னால் சிறிய எழுத்தில், மருந்தை மெல்ல வெளிவிடுவது என்ற பொருளில், எஸ்.ஆர். என்றும் அச்சிட்டிருந்தது. பொடியை ஒரு தாளில் மடித்து எடுத்து வைத்துவிட்டு, அண்ணியை உட்காரச் சொன்னேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறவன். மற்றவர் வீட்டு நோயாளிகளுக்கு நாள் முழுவதும் சொல்கிற ஒரு செய்தியை என் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த தாளில் மருந்தின் பெயரும் 1-0-1 என்ற குறியும் மட்டுமே இருந்தன; பொடிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கவில்லை, வாயாலும் யாரும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனையின் மீது கோபப்படுவதற்கு முன்னால் என்மீது கோபப்பட வேண்டியிருந்தது. அன்று அண்ணிக்கும் அண்ணனுக்கும் சொன்னதைத்தான், கொஞ்சம் விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

மார்ஃபின்போல அபினின் வழியில் வேலை செய்கிற ஓபியாய்டு வகை வலி நிவாரணிகளைப் பற்றிப் பேசும்போது நாம் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் மட்டுமே கவனிக்கிறோம். அவற்றுக்குச் சமமாகக் கவனிக்க வேண்டிய மூன்றாவது ஒன்று இருக்கிறது. அந்த மருந்து எந்த வடிவத்தில், எவ்வளவு நேரத்தில் உடலுக்குள் இறங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது என்பதே அது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை விழுங்கினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வலி குறையத் தொடங்கும், ஒரு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும், நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அதை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு ஆறு வேளை கொடுக்க வேண்டும். எஸ்.ஆர். மாத்திரையிலும் அதே மார்ஃபின்தான் இருக்கிறது. ஆனால் மெழுகு போன்ற பொருளாலோ பாலிமராலோ ஆன ஒரு வலைக்குள் அதைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். குடலில் இருக்கும் நீர் அந்த வலைக்குள் மெல்ல ஊறி, மருந்தைச் சிறிது சிறிதாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு வெளியே கொண்டுவரும். சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேலே தொங்கும் தாராபாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் சிறு துளைதான் அந்தப் பாத்திரத்தின் வேலையையே செய்கிறது. மாத்திரையைப் பொடிப்பது அந்தப் பாத்திரத்தை உடைப்பதற்குச் சமம்.

கணக்கைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். அப்பாவுக்கு முதலில் 10 மில்லிகிராம் சாதாரண மாத்திரையை நாளைக்கு ஆறு வேளை கொடுத்து, வலி கட்டுக்குள் வந்த பிறகு, அந்த 60 மில்லிகிராமை இரண்டாகப் பிரித்து, 30 மில்லிகிராம் எஸ்.ஆர். மாத்திரை இரண்டு வேளை என்று மாற்றியிருந்தார்கள். பொடித்துக் கொடுத்திருந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து முழுவதும் ஒரு மணி நேரத்தில் இரத்தத்துக்குப் போயிருக்கும். அதாவது, அவர் உடலுக்குப் பழகிய ஒரு வேளை அளவைப்போல மூன்று மடங்கு. அதன் விளைவு ஆழ்ந்த மயக்கமாக இருக்கலாம், மூச்சு மந்தமாவதாகவும் இருக்கலாம். இதில் இன்னொரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. நான்கைந்து மணி நேரத்தில் மருந்து தீர்ந்துபோய், மீதமுள்ள ஏழெட்டு மணி நேரமும் அவர் வலியில் துடித்திருப்பார். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து மாத்திரை பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, அடுத்ததை முன்கூட்டியே பொடித்துக் கொடுத்திருப்பார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துக் கொடுப்பதில் இந்த ஆபத்து இல்லை. மூக்கு வழியாகச் செலுத்திய, உணவூட்டும் குழாயிலும் அதைக் கொடுக்கலாம். பொடிப்பது எல்லா மாத்திரைக்கும் தவறு என்று நான் சொல்லவில்லை. கையில் இருப்பது எந்த மாத்திரை என்று கேட்ட பிறகே கரண்டியை எடுக்க வேண்டும் என்கிறேன். எஸ்.ஆர். என்று மட்டும் இல்லாமல் சி.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்றும் அட்டைகளில் அச்சிடுவார்கள். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே.

1-0-1 என்ற குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் அதைக் காலைப் பலகாரத்துக்குப் பின், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று படிக்கிறோம். சத்து மாத்திரைக்கு அது போதும். எங்கள் வீட்டில் அப்பா காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரையும் இரவு ஒன்பதரைக்கு இன்னொன்றும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடையில் பதினான்கரை மணி நேரம்! சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறார் என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டதற்கான காரணம் அங்கே இருந்தது. நேரத்தைக் காலை எட்டு, இரவு எட்டு என்று மாற்றிய இரண்டாம் நாளே அந்தச் சிடுசிடுப்பு போய்விட்டது. வலி வந்த பிறகு மாத்திரை போடுவது நமக்குப் பழக்கம்; தொடர்ந்து இருக்கும் வலிக்கு, அது தலையெடுப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கான படிநிலை முறையை வெளியிட்டபோதே இதையும் அடிப்படை விதிகளில் ஒன்றாக வைத்தது.

அப்படிக் கொடுத்தும் நடுவில் திடீரென்று கிளம்புகிற வலி உண்டு. அதற்காகச் சாதாரண மாத்திரை கொஞ்சம் தனியாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு என்பது பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. அப்பாவுக்கு அது 10 மில்லிகிராம். எந்த நேரத்தில் எத்தனை முறை அதைக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை மருத்துவர் அடிப்படை அளவைக் கூட்டலாமா என்று அதைப் பார்த்து முடிவுசெய்வார். நாமாகக் கூட்டக் கூடாது. அவசரத்துக்கு எஸ்.ஆர். மாத்திரையைக் கொடுப்பதிலும் பயனில்லை; அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் அந்த வலி தானாக அடங்கியிருக்கும், அதன் பிறகு மருந்து வீணாக ஏறிக்கொண்டிருக்கும்.

மெல்ல வெளிவிடும் வடிவத்தின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஆக்ஸிகான்டின் கதையைவிடப் பெரிய சான்று இல்லை. ஆக்ஸிகோடோன் என்ற மருந்தைப் பன்னிரண்டு மணி நேர மாத்திரையாக பர்டியூ ஃபார்மா நிறுவனம் செய்தது. 1995 டிசம்பரில் அனுமதி கிடைத்து 1996இல் விற்பனைக்கு வந்தது. மருந்து மெல்ல இறங்குவதால் தவறான பயன்பாடு குறையும் என்று நம்பப்படுகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதன் குறிப்புத்தாளிலேயே இடம்பெற்றிருந்தது. பொடித்தால் என்ன ஆகும் என்பதை மக்கள் விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்தை அடக்கிய மாத்திரை என்பதால் ஒவ்வொன்றிலும் அளவு அதிகம். 80 மில்லிகிராம் மாத்திரைகூட இருந்தது. ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது என்று மருத்துவர்களிடம் சொல்வதற்கு அந்தக் காலத்தில் கைகொடுத்தது, போர்ட்டர், ஜிக் என்ற இருவர் 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழுக்கு எழுதிய ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம். மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேர் மட்டுமே அடிமையானதாக அது கூறியது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 2017இல் அதே இதழில் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்துப் பார்த்தபோது, 608 இடங்களில் அது மேற்கோளாகக் காட்டப்பட்டிருந்ததும், அவற்றில் ஏறக்குறைய 72 விழுக்காடு அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியிருந்ததும் தெரியவந்தது. மருந்தைத் தவறான தகவல்களோடு விற்றதாக பர்டியூ 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2010இல் எளிதில் நொறுங்காத, நீர் பட்டால் களிம்புபோல ஆகிவிடுகிற புதிய மாத்திரை வந்தது. அதற்குள் அடிமையாகிவிட்டிருந்தவர்களில் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். ஒரு மருந்தின் வடிவம் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவரைக் காக்கும். அதை உடைக்க முனைகிறவரைக் காக்காது.

அப்பாவின் கதைக்குத் திரும்புகிறேன். மாத்திரையை முழுதாக விழுங்க முடியாது, பொடிக்கவும் கூடாது என்ற நிலையில், வலி நிவாரண மருத்துவர் ஃபென்டனில் பேட்ச்சுக்கு மாற்றினார். தோலில் ஒட்டும் அந்தப் பட்டையிலிருந்து மருந்து தோல் வழியாக மூன்று நாட்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். மணிக்கு 25 மைக்ரோகிராம் என்று அதன் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து அண்ணன், இவ்வளவு சிறியதா என்று கேட்டார். ஃபென்டனில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமானது; வாய்வழியாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 மில்லிகிராம் மார்ஃபின் சாப்பிட்டுப் பழகியவருக்குத்தான் அந்த 25ஐயே ஒட்டுவார்கள். இதுவரை ஓபியாய்டு எதையும் எடுத்துக்கொள்ளாத ஒருவர், முழங்கால் வலிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பேட்ச் வாங்கி ஒட்டிக்கொண்டால் உயிரே போகலாம்.

பேட்ச்சைப் பற்றி எங்கள் வீட்டில் நான் அதிக நேரம் பேசினேன். காரணம், அது பார்ப்பதற்குச் சாதாரணத் தைலப் பிளாஸ்திரிபோல இருந்து எல்லோரையும் ஏமாற்றிவிடும். ஒட்டியவுடன் வலி குறையாது. முழுப் பலன் தெரியப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை சாதாரண மார்ஃபினைக் கரைத்துக் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். உரித்து எடுத்த பிறகும் தோலுக்கு அடியில் தேங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மயக்கம் தெரிந்தவுடன் பேட்ச்சைப் பிய்த்துப்போட்டதோடு ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணக் கூடாது. எண்ணெய் தடவிய தோலில் அது சரியாக ஒட்டாது. ஒட்டும் இடத்தை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். எங்கள் வீட்டில் இதுவே ஒரு சிறு போராட்டமானது, ஏனென்றால் அம்மா தினமும் அப்பாவின் முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவார். அடுத்தது சூடு. வலி என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது நம் கை தானாகச் செய்கிற வேலை. பேட்ச் மேல் ஒத்தடம் வைத்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டு மூன்று நாள் அளவு முன்கூட்டியே பாய்ந்துவிடும். அதிகக் காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும் என்பதால், காய்ச்சல் அடித்தால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் வியர்த்து ஓரம் கழன்றுகொண்டால் மேலே டேப் ஒட்டலாம். பாதியாக வெட்டி ஒட்டக் கூடாது.

புதியதை ஒட்டும்போது பழையதை எடுக்க மறப்பது, கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், நடக்கிற ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி ஒட்ட வேண்டியிருப்பதால், முதுகில் இருக்கும் பழைய பட்டை சட்டைக்குள் மறைந்துபோகும். பேட்ச்சின் மேல் தேதியையும் நேரத்தையும் பேனாவால் எழுதி, ஒட்டிய இடத்தை நோட்டிலும் குறிப்பது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். மூன்று நாள் முடிந்த பேட்ச்சிலும் கணிசமான மருந்து மீதி இருக்கிறது. தரையில் விழுந்த பேட்ச்சைத் தவழ்கிற குழந்தை எடுத்து வாயில் வைத்து இறந்த நிகழ்வுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அண்ணன் மகளுக்கு அப்போது இரண்டு வயது. கழற்றியதும் பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, டப்பாவில் போட்டு, பீரோவில் பூட்டி, அடுத்த முறை மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தோம்.

மார்ஃபின் என்றால் நடுங்குகிற நம்மவர்கள் ட்ரமடாலைக் கண்டு நடுங்குவதில்லை என்பது எனக்கு ஒரு தீராத ஆச்சரியம். அதுவும் ஓபியாய்டுதான். 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நம்மூர்க் கடைகளில் அது பெரும்பாலும் 37.5 மில்லிகிராம் ட்ரமடாலோடு 325 மில்லிகிராம் பாரசிட்டமால் சேர்த்த கூட்டு மாத்திரையாகக் கிடைக்கிறது. இந்தக் கூட்டில் கவனிக்க வேண்டியது பாரசிட்டமால். முதுகுவலிக்கு இதை வேளைக்கு இரண்டாகச் சாப்பிடுகிறவர், காய்ச்சல் வந்தால் 650 மாத்திரையைத் தனியாகவும் போட்டுக்கொள்கிறார். நாளைக்கு நான்கு கிராம் என்ற மேல்வரம்பை அவர் அறியாமலேயே தாண்டிவிட முடியும், அதன் விளைவைச் சுமப்பது ஈரல். ட்ரமடாலுக்கு வலிப்பு வரவழைக்கும் குணமும் உண்டு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது. அதே வகையைச் சேர்ந்த கோடீனோ ஈரலில் மார்ஃபினாக மாறிய பிறகே வேலை செய்கிறது. பிறவியிலேயே அந்த மாற்றம் சிலருக்கு நடப்பதில்லை, சிலருக்கு மிக வேகமாக நடந்துவிடுகிறது. ஒருவருக்குப் பலிக்காத அதே அளவு இன்னொருவருக்கு மிகையாகிவிடும் என்பதால், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கோடீனைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்காவில் 2017இல் அறிவித்தார்கள்.

பக்கவிளைவுகளில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் உடலுக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. மார்ஃபின் தொடங்குகிற அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மூன்று நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நோயாளி வலியைவிட அந்தத் துன்பத்துக்கு அஞ்சி மார்ஃபினையே நிறுத்திவிடுவார். வாழைப்பழத்தால் மட்டும் இது தீராது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவுப் பொருள்கள் உடலில் தங்கி மயக்கத்தைக் கூட்டும். அந்த விவரத்தை மருத்துவரிடம் மறைக்கவோ மறக்கவோ கூடாது. தூக்க மாத்திரை, மது இரண்டும் ஓபியாய்டோடு சேரவே கூடாது. மெல்ல வெளிவிடும் மாத்திரைகளில் சில மதுவோடு சேர்ந்தால் மருந்து முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். ஹைட்ரோமார்ஃபோன் என்ற ஓபியாய்டு அடங்கிய பாலடோன் என்ற மருந்தை அமெரிக்காவில் 2005இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது இந்தக் காரணத்தால்தான்.

அண்ணிக்கு நான் எழுதிக் கொடுத்த ஆபத்துக் குறிகள் மூன்றே. கூப்பிட்டும் தோளைத் தட்டியும் எழுப்ப முடியாத உறக்கம், ஒரு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, குண்டூசித் தலைபோலச் சுருங்கிய கண்மணி. கண்மணி சுருங்குவது மருந்து சரியாக வேலை செய்யும்போதும் நடக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். முதலிரண்டில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே நலாக்ஸோன் என்ற முறிமருந்தை ஊசியாகப் போடுவார்கள். அதன் வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடும், எஸ்.ஆர். மாத்திரையும் பேட்ச்சும் அதைவிட நெடுநேரம் உடலில் இருப்பதால், விழித்துக்கொண்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு அண்ணன் கேட்ட கேள்வி, இத்தனை ஆபத்து இருந்தால் இதைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்பது. அப்பாவும் வேறு சொற்களில் அதையே கேட்டிருந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், அபினா கொடுக்கிறார்கள் என்று அவர் காதுபடவே கேட்டுவிட்டுப் போயிருந்தார். அபினிலிருந்து வருவது உண்மைதான். நாம் குருமாவில் அரைத்துவிடுகிற கசகசாவும் அந்தச் செடியின் விதையே. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்று அதைப் பயிரிடுகிறார்கள், காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகளில் அபினைப் பதப்படுத்துகிறார்கள். சொந்த மண்ணில் அபின் விளையும் நாட்டில், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது பல ஆண்டுகள் குதிரைக்கொம்பாக இருந்தது. ஒரு மருத்துவமனை அதை வாங்கி வைக்கப் பல துறைகளின் உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் நெடுங்காலம் போராடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் ஒரே அமைப்பின் அனுமதியோடு அதை வைத்திருக்க வழி பிறந்தது. அப்பாவுக்கு மருந்து கிடைத்ததும் அந்த வழியில்தான்.

உடல் ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனம் அதைத் தேடி அலைவது வேறு என்று அப்பாவிடம் சொன்னேன். பல வாரங்கள் மார்ஃபின் சாப்பிட்ட யாரும் அதைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடல் நடுக்கம் எல்லாம் வரும். படிப்படியாகக் குறைத்தால் வராது. அது அடிமைத்தனம் அல்ல. வலி குறைந்த பின்னும் மருந்தை நாடுவதும், அதற்காகப் பொய் சொல்வதும், அதனால் வாழ்க்கை குலைவதும்தான் அடிமைத்தனம். புற்றுநோய் வலிக்கு முறையாகக் கொடுக்கும்போது அந்த அச்சத்தால் மருந்தை மறுப்பது தவறு. ஆனால் ஆறு மாதத்து இடுப்புவலிக்கு அதே தாராளத்தோடு எழுதிக் கொடுப்பதும் தவறு. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது கடைசி மருந்து இல்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மார்ஃபின் தொடங்கி மாதக்கணக்கில் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அவரும் அதன் பிறகு நான்கு மாதங்களுக்கு மேல் இருந்தார். திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளை முழுவதும் படிக்கிற அளவுக்கு அவற்றில் பல நாட்கள் இருந்தன.

அவர் போன பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்த பிறகு, பீரோவிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்குப் போனேன். பிரிக்காத பேட்ச் இரண்டு, மடித்த பேட்ச் ஒன்று, 10 மில்லிகிராம் மாத்திரை பதினான்கு. அங்கிருந்த மருந்தாளுநர் ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்து, டப்பாவின் அடியில் கிடந்த மடித்த தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். எஸ்.ஆர். 30, ஒன்று, பொடித்தது என்றேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.